பொழி வெட்டிய வருஷம்

எனக்குக் கோபம் அதிகம். "இவளக் கெட்டுகவன் தலையில துண்டப் போட்டுக்கிட்டுதான் உக்காரணும்" என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கட்டியவருக்கு என்னைவிடக் கோபம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. நான் சொல்லப் போகிற வருஷத்தில் எங்களுக்கு வந்த நஷ்டத்தில் பாதி வானம் கொடுத்தது. மீதி என் வீட்டுக்காரருடைய கோபம் கொடுத்தது. வானத்தை நான் மன்னித்துவிட்டேன்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறு கழிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பிறந்தது பூதப்பாண்டிப் பக்கம். அங்கே கால் நனையாமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக முடியாது. தண்ணீருக்கு மனிதர்கள் அடித்துக்கொள்வார்கள் என்பதே கல்யாணம் ஆகும் வரை எனக்குத் தெரியாது. கட்டிக்கொடுத்த இடமோ இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடைமடைக்கும் கடைமடை. பேச்சிப்பாறைத் தண்ணீர் எல்லார் வயலையும் விசாரித்துவிட்டு, மனசிருந்தால் எங்கள் வயலை எட்டிப் பார்க்கும். எங்கள் வயலை ஒட்டிக் காயல். காயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. அலை ஒதுக்கி ஒதுக்கிக் கட்டிய அந்தத் திட்டு காயலின் வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்த வாயைத்தான் பொழி என்பார்கள்.

வீட்டில் மூன்று பேர். நான், அவர், அவருடைய தம்பி. மாமனார் மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். கொழுந்தனுக்கு என் வயதுதான் இருக்கும். தென்னை மரம் மாதிரி வளர்ந்தவன். எப்போதும் சிரித்த முகம். அண்ணனுக்கும் சேர்த்து அவன்தான் சிரிப்பான். என் தங்கையை அவனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் அப்பா யோசித்தார். கடைமடையில் ஒரு மகளைத் தள்ளியது போதாதா என்று அம்மா கேட்டாள். கடைசியில் அந்த வருஷம் விளைச்சல் எடுத்ததும் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. விளையாவிட்டால் கிடையாது. தங்கை இங்கே வந்து பட்டினி கிடக்க அப்பா சம்மதிக்க மாட்டார். ஆக அந்த வருஷம் எங்கள் வயலில் நெல்லை மட்டும் விதைக்கவில்லை. அந்தக் கல்யாணத்தையும் விதைத்தோம்.

எங்கள் பக்கம் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. கன்னிப்பூவுக்குச் சித்திரையிலேயே காய்ந்த மண்ணைப் பொடியாக உழுது, அந்தப் பொடியிலேயே விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். எப்போது போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்து வயல்காரன் "நாளைக்கு நான் போடப்போறேன்" என்று சொன்னானாம். அவனுக்கு முந்த வேண்டும் என்று இவர் அன்றைக்கே போட்டார். ஒரு கோடை மழை வந்தது. முளை விட்டது. எல்லாரும் பார்த்துப் போனார்கள். பிறகு வானம் வாயை மூடிக்கொண்டது. பச்சை முளை எல்லாம் என் கண் முன்னால் கருகியது. இவர் என்ன செய்தார் தெரியுமா? வயலில் இறங்கி, சாகாமல் கிடந்த கொஞ்ச முளையையும் காலால் மிதித்து மிதித்து அழித்தார். தடுக்கப் போன தம்பியை நெஞ்சில் பிடித்துத் தள்ளினார். "அரைகுறையா நின்னு என்னைப் பாத்துச் சிரிக்காண்டாம்" என்று வயலைப் பார்த்துக் கத்தினார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லை எடுத்து இரண்டாவது தடவை விதைத்தோம்.

அது கதிர் வாங்கும் நேரத்தில் தண்ணீர் இல்லை. மேல் வயல்காரர்கள் மடையில் மண்ணையும் பனை ஓலையையும் போட்டு அடைத்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு போனார்கள். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தால் தம்பி அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறான். இவர் மண்டையில் மண்வெட்டி வெட்டு. இரத்தம் தம்பியின் கழுத்து வழியாக ஓடி அவன் வேட்டியெல்லாம் சிவந்திருந்தது. "மைனி, பயப்படாதீங்க, தலை தலையாத்தான் இருக்கு" என்று அவன் சிரித்தான். மேல் வயல்காரன் ஒருவனுக்கு முன்பல் இரண்டும் போய்விட்டது என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தேங்காய் எண்ணெயில் துணியைக் கரித்து வெட்டில் வைத்துக் கட்டினேன். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். "மடை திறந்துதா?" என்று மட்டும் கேட்டார். திறக்கவில்லை. அந்தப் பூவில் எங்களுக்குக் கிடைத்தது பாதிக்கு மேல் பதர்.

இனி கும்பப்பூதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கும் உழவு தொடங்கும் முன்னால் கடாவால் வந்து சேர்ந்தது வினை.

எங்களிடம் ஒரு சோடி எருமைக்கடா இருந்தது. அதில் ஒன்று சாது. இன்னொன்று எங்கள் வீட்டு எசமானுக்கு வாய்த்த கடா, அதற்கும் அவர் குணம்தான். ஒருநாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு மணல் திட்டுப் பக்கம் போய்விட்டது. கடற்கரைத் துறையில் மீன் பிடிக்கிற துறைக்காரர் ஒருவர் தன் வலையை மணலில் விரித்துக் காயவைத்திருந்தார். கடாவின் கொம்பில் வலை மாட்டிக்கொண்டது. அது மிரண்டு ஓட, வலை கிழிந்துகொண்டே பின்னால் இழுபட, அந்த மனிதர் துடுப்பை எடுத்துக்கொண்டு துரத்தி அடித்திருக்கிறார். முன்னங்கால் எலும்பு முறிந்து கடா மணலில் விழுந்தது. ஒரு வருஷமாக நூல் நூற்று, முடிச்சு முடிச்சாகப் போட்ட வலை. அடிக்காமல் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்.

இதை நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு இவர் போனபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை. கடா விழுந்து கிடப்பதைப் பார்த்தார். அதே துடுப்பைப் பிடுங்கினார். அந்த மனிதர் தலையைக் காப்பாற்றக் கையை உயர்த்தியிருக்கிறார். கை முறிந்தது. விழுந்த பிறகும் இவர் அடித்தார் என்று கொழுந்தன் என்னிடம் தனியாகச் சொன்னான். துறையிலிருந்து ஆட்கள் ஓடி வரவே, தம்பி அண்ணனை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். அவன் முதுகிலும் இரண்டு அடி.

கடாவை மூன்று ஆண்கள் சேர்ந்து வண்டியில் ஏற்றினார்கள். கோட்டாற்றுக் கசாப்புக் கடையிலிருந்து வந்த ஆள் விலை பேசவே கூச்சப்பட்டார். கயிற்றைப் போட்டு இழுத்தபோது அது எழுப்பிய சத்தத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவர் வீட்டுக்குள் போய்ச் சுவரில் தலையை முட்டினார். மடைச் சண்டையில் பட்ட காயம் மறுபடியும் திறந்துகொண்டது. நான் துணி கரித்தேன். வேறென்ன செய்ய?

ஒற்றைக் கடாவை வைத்துக்கொண்டு உழ முடியாது. இரவல் கேட்கலாம் என்றால் சுற்றியுள்ள எல்லாரோடும் இவருக்குப் பகை. கொழுந்தன் வயல் முழுவதையும் மண்வெட்டியால் கொத்தினான். காலையில் இறங்கினால் பொழுது சாயும்போதுதான் ஏறுவான். உள்ளங்கையில் தோல் உரிந்து, துணி சுற்றி, அந்தத் துணியும் சேற்றில் ஊறி ஒட்டிக்கொண்டது. சோறு பிசைய முடியாமல் நான் உருட்டிக் கொடுத்தேன். "ஏலே மக்கா, கையைப் பாத்தா கல்யாண மாப்பிள்ளை கையா இது?" என்று கேட்டேன். "ஒங்க தங்கச்சி மொகத்ததானே பாக்கப் போறா, கையை எதுக்குப் பாக்கா?" என்றான்.

நடவுக்கு என் அப்பா தங்கையை அனுப்பி வைத்தார். அவளும் நானும் இன்னும் சில பெண்களும் நட்டோம். அவள் இருந்த நாட்களில் கொழுந்தன் வீட்டுக்குள் வராமல் தொழுவத்திலேயே சாப்பிட்டான். ஒரு காலையில் அவள் படுக்கும் இடத்துச் சன்னலில் ஒரு தாழம்பூ இருந்தது. காயல் கரையிலிருந்து யார் பறித்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? "முள்ளு குத்துன கையோட மண்வெட்டி பிடிக்காண்டாம்னு சொல்லு" என்று தங்கையிடம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பூவைத் தலையில்தான் வைத்திருந்தாள். எனக்கு அத்தனை சந்தோஷம். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான் என்பதால் அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பயிர் நன்றாக வந்தது. தூர் கட்டி, கரும்பச்சையாக, கண்ணேறு பட்டுவிடுமோ என்று பயப்படும்படி வந்தது. கார்த்திகையில் மழை பிடித்தது. விடாத மழை. வாய்க்கால், ஓடை, குளத்து மறுகால் எல்லாம் காயலுக்கு வந்து சேர்ந்தன. காயலின் வாய் அடைத்திருக்கிறது, தண்ணீர் எங்கே போகும்? எங்கள் வயலுக்குத்தான் வந்தது. முதலில் வரப்பு முழுகியது. பிறகு பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. பொழியை வெட்டிக் காயல் தண்ணீரைக் கடலுக்கு விடாவிட்டால் அத்தனையும் அழுகிப்போகும்.

பொழி வெட்டுவது லேசான காரியம் இல்லை. மணலில் ஒரு சின்னச் சால் கீறிவிட்டால் போதும், தண்ணீரே மீதியை அறுத்துக்கொண்டு ஆறாகப் போய்விடும். ஆனால் கடல் வாங்குகிற நேரம் பார்த்து வெட்ட வேண்டும். கடல் ஏறுகிற நேரத்தில் வெட்டினால் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். அந்த நேரம் துறைக்காரர்களுக்குத்தான் தெரியும். அதற்கு ஒரு முறை இருந்தது. வயல்காரர்கள் வெற்றிலை பாக்கும் ஒரு பழக்குலையும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போவார்கள். அவர்கள் கடலைப் பார்த்து நேரம் சொல்வார்கள். வெட்டிய வாயில் முதல் வலை வீசும் உரிமை அவர்களுக்கு. தண்ணீரோடு பாய்ந்து வரும் மீன் முழுவதும் அவர்களுடையது. எங்களுக்கு வயல் கிடைக்கும், அவர்களுக்கு மீன் கிடைக்கும். அறுப்பு முடிந்ததும் அந்த மீனே கருவாடாகி நெல்லுக்கு மாற்றாக எங்கள் வீட்டுக்கு வரும்.

அந்த வருஷமும் வயல்காரர்கள் தாம்பூலம் கொண்டு போனார்கள். இவர் போகவில்லை. துறைக்காரர்கள் தாம்பூலத்தைத் தொடவில்லை. "கையை ஒடிச்சவன் வந்து தாம்பாளத்த வைக்கட்டு. நேரம் சொல்லுகோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். "ஒரு நடை போயிட்டு வாரும் வேய். தலை ஒண்ணும் தேஞ்சு போவாது" என்றார் ஒருவர். "எங் கடாவக் கொன்னவன் வாசல்ல போயி நான் குனியணுமா?" என்று இவர் திரும்பி நடந்தார். கொழுந்தன் தான் போவதாகச் சொன்னான். ஒடித்தவன்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களே. நான் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். "எனக்காக வேண்டாம். அவனுக்காகப் போங்க. அந்தப் பயிரு அவன் கல்யாணம்" என்றேன். கும்பிட்டுச் சொன்னேன். என் வாழ்நாளில் அவரை நான் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்.

சரி, இந்த மனிதர் அசையப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் தாம்பாளத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓலைக் குடையைப் பிடித்துக்கொண்டு நானே துறைக்குப் போனேன். பெண்கள் தனியாகப் போகிற இடம் இல்லை. குழந்தைகள் என் பின்னால் கூட்டமாக வந்தார்கள். கை ஒடிந்தவருடைய வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவர் வெளியே வந்தார். வலது கையை மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முகத்திலும் துடுப்பு பட்ட தழும்பு. அந்தக் கையோடு அவர் கடலுக்குப் போய் எத்தனை நாள் ஆகியிருக்கும்? தாம்பாளத்தைக் கீழே வைத்தேன்.

அவர் காலால் எட்டி உதைத்தார். வெற்றிலை மழைத் தண்ணீரில் மிதந்தது. பழக்குலை வேலி ஓரம் போய் விழுந்தது.

"பொட்டச்சிய அனுப்பிட்டு அவன் வீட்டுக்குள்ள இருக்கானா? அவன வரச் சொல்லு!"

நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அத்தனை கோபம் வந்தது. ஆனால் முழுகிக் கிடந்த பயிர் என் வாயை அடைத்தது. வெறும் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம். அவருடைய மனைவி. மூச்சு வாங்க நின்றாள்.

"ஏட்டி, நில்லு. நாளைக்கு உச்சி கழிஞ்சாத்தான் கடலு வாங்கும். காலம்பற ஏத்தம், பெரிய ஏத்தம். காலம்பற மம்பட்டி வச்சீங்கன்னா கடல வீட்டுக்குள்ள கூப்பிட்ட மாதிரி. உச்சி கழிஞ்சு வெட்டச் சொல்லு. வெளங்கிச்சா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறிவிட்டாள். "ஒனக்காவ ஒண்ணும் சொல்லல்ல. நெல்லு அழுவிப் போச்சுன்னா எங்க கஞ்சியும்தான் போவும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினேன். கல்யாணமே என் மடியில் இருப்பது போல இருந்தது. வீட்டில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேரத்தைச் சொன்னேன்.

"ஆரு சொன்னா?" என்றார் இவர்.

சொன்னேன்.

"அவன் வாசல்ல போயி நின்னியா?"

"நின்னேன். நீங்க நிக்க வேண்டிய எடத்துல நான் நின்னேன்."

முதல் அடியில் நான் சுவரில் போய் மோதினேன். காதில் கம்மல் கிழித்துக்கொண்டு போனது. நான் அடி வாங்கிக்கொண்டு அழுகிற சாதி இல்லை. கையில் கிடைத்த தாம்பாளத்தால் திருப்பி அடித்தேன். அவர் புருவம் கிழிந்தது. அவர் என் முடியைப் பிடித்தார். கொழுந்தன் நடுவில் புகுந்தான். அவன் அண்ணனை அதுவரை எதிர்த்ததே இல்லை. அன்றைக்கு அவருடைய இரண்டு கையையும் பின்னால் பிடித்து முறுக்கி, "மைனியத் தொட்டீருன்னா நான் ஒம்ம தம்பி இல்ல" என்றான். 

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, ஒரு அரை நாளு பொறுத்தா என்ன? உச்சி கழிஞ்சே வெட்டுவோம்."

"அந்தப் பயலுவ சொன்ன நேரத்துக்கு நான் மம்பட்டி எடுக்க மாட்டேன். விடிஞ்சதும் வெட்டுவேன். ஒங்களுக்கு மனசில்லன்னா ஒத்தையில வெட்டுவேன்."

நினைத்துப் பாருங்கள். நேரம் தெரியாமல் வெட்டிக் கெட்டவர்கள் உண்டு. இவர் நேரம் தெரிந்த பிறகு, அது யார் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அதை ஒதுக்கினார். எதிரி வாயிலிருந்து வந்தால் சரியான நேரமும் கெட்ட நேரம் ஆகிவிடுமா? எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஆகும்.

விடிந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். துறையிலிருந்து நேரம் வராததால் மற்ற வயல்காரர்கள் யாரும் வரவில்லை. கொழுந்தன் தலைத்துண்டைக் கட்டினான். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"நீ போவாண்டாம் மக்கா. அவரு போயி முழுகட்டு."

"ஒத்தையில போனா முழுகத்தான் செய்வாரு மைனி. அண்ணன் இல்லியா? நான் கூட நிக்கேன். தண்ணி பெலமா வந்தா இழுத்துட்டு வந்துருவேன்" என்றான். என்னைத் தாண்டிப் போகாமல், நான் விலகும் வரை நின்றான். நான் விலகினேன்.

மனசு கேட்காமல் கொஞ்ச நேரத்தில் நானும் போனேன். மணல் திட்டின் மேல் ஏறிப் பார்த்தபோது அவர்கள் சால் கீறி முடிக்கப் போகிறார்கள். இவர் காயல் பக்கம், அவன் கடல் பக்கம். கடல் அன்று வழக்கமான கடலாக இல்லை. அலை உடைந்து திட்டின் பாதி வரை ஏறி வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கடைசி மண்ணை இவர் கொத்தியதும் காயல் தண்ணீர் சாலில் இறங்கியது. ஒரு முழ அகலம் இருந்த சால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆள் அகலம் ஆனது. இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக விழுந்தது. இவர் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஜெயித்துவிட்டாராம். அதற்குள் கடல் எழுந்தது. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பெரிய அலை. முதல் அலை வெளியே போன தண்ணீரைத் தடுத்து நிறுத்தியது. இரண்டாவது அலை வெட்டின வாய்க்குள் தலையை நுழைத்தது. மூன்றாவது அலை காயல் வரைக்கும் போனது. கொழுந்தன் நின்ற கரை அவன் காலுக்குக் கீழே உட்கார்ந்தது. அவன் அண்ணனைப் பார்த்துத்தான் ஓடினான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஓடவில்லை. அண்ணனை இந்தப் பக்கத்து மேட்டில் தள்ளிவிட்டான். திரும்பி வந்த தண்ணீர் அவன் இடுப்பைப் பிடித்தது. ஒரு தடவை கை தெரிந்தது. துணி சுற்றியிருந்த அந்தக் கை.

இவர் குதிக்கப் போனார். நான் அவர் மேல் விழுந்து மணலோடு அழுத்திக்கொண்டேன். ஏன் அழுத்தினேன் என்று பிற்காலத்தில் என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கை அதைத்தான் செய்தது.

காலை முழுவதும் கடல் எங்கள் வயலுக்குள் வந்துகொண்டே இருந்தது. பயிர் நுனியும் தெரியவில்லை. உச்சி கழிந்தது. கடல் வாங்கியது. அவள் சொன்ன அதே நேரம். வெட்டின வாய் வழியாகக் காயல் முழுவதும், எங்கள் வயலில் நின்ற தண்ணீர் முழுவதும், யாரும் ஒரு கை மண் கூட எடுக்காமல் தானாகக் கடலுக்குப் போனது. பயிர் வெளியே வந்து நின்றது. பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. உப்பைக் குடித்திருந்தது. சில நாட்களில் நுனியிலிருந்து தீய்ந்து வைக்கோலாகிவிட்டது.

துறையிலிருந்து யாரும் வலை வீச வரவில்லை. செய்தி கேட்டதும் அந்தக் கொந்தளிப்பிலும் கட்டுமரங்களை இறக்கிவிட்டார்கள். பொழுது சாய்வதற்கு முன் அவனைக் கொண்டு வந்து மணலில் கிடத்தினார்கள். கட்டுமரத்தில் ஒடிந்த கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அந்த மனிதரும் இருந்தார். இடது கையால் அவர்தான் திசை காட்டினாராம். தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று அவருக்குத்தான் தெரிந்தது.

இவர் தம்பியைப் பார்த்தார். பிறகு போய் அந்த மனிதருடைய காலில் விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக, முகத்தை மணலில் புதைத்துக்கொண்டு விழுந்தார். அதுவரை அழாமல் இருந்தவள் நான். எனக்கு வந்தது அழுகை இல்லை. நான் போய் அவர் முடியைப் பிடித்துத் தூக்கினேன். "இன்னைக்கு எதுக்கு வேய் விழுகீரு? நேத்து விழுந்திருக்கணும்! நேத்து விழுந்திருந்தா எம் பிள்ளை இருந்திருப்பான்!" என்று கத்திக்கொண்டே முகத்தில் அடித்தேன், மாறி மாறி அடித்தேன். யாரும் தடுக்கவில்லை. அவரும் கையைத் தூக்கவில்லை.

துறைக்காரர்தான் கடைசியில் என் கையைப் பிடித்தார். ஒற்றைக் கையால் பிடித்தார். இவரைப் பார்த்து, "பெண்டாட்டிய அனுப்பி நேரம் சொல்லச் சொன்னேனே வேய். நான்தானே அனுப்புனேன்" என்றார். தாம்பாளத்தை எட்டி உதைத்த அதே மனிதர். ஊர் பார்க்க உதைத்துவிட்டு, ஊர் பார்க்காமல் சொல்லி அனுப்பியிருக்கிறார். கோபத்தையும் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதையும் செய்கிற மனிதன் ஒருவன் இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பதினாறு கழிந்த பிறகு பூதப்பாண்டிக்குப் போனேன். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். தங்கை மாட்டுத்தொழுவத்தில் சாணம் வாரிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அக்கா, உச்சி கழிஞ்சாத்தான் கடலு வாங்கும்னு அவ்வோளுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தெரியும். நான் நேரம் சொல்லும்போ எனக்கு முன்னாலதான் நின்னான். தெரிஞ்சுதான் போனான்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். சாணிக் கையைக் கழுவாமல் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்போ எனக்காவப் பொறுக்கல்லியா?" என்று கேட்டாள்.